ஒரே நூல், வேறு வேறு வாசல்: அறிபுனை, மிகுபுனை நூல்களைப் பரிந்துரைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

துப்பறியும் நாவல்களை மட்டுமே படித்துவந்த நண்பர் ஒருவர், அறிபுனைக் கதைகளில், அதாவது அறிவியல் புனைவுகளில், எதிலிருந்து தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டபோது, நான் ஒரு நொடியும் யோசிக்காமல் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலை அவர் கையில் கொடுத்தேன். 1965இல் வெளிவந்த அந்த நாவலை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். அதைப் பிடிக்காமல் போகும் ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அப்போது எனக்கு எழவில்லை. மூன்று வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டு 43ஆம் பக்கத்தில் இருந்தது. இன்னொரு துண்டு நூலின் கடைசிப் பகுதியில், அருஞ்சொற்களுக்குப் பொருள் தரும் பட்டியலுக்குள் இருந்தது. “நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கதையைப் படித்த நேரத்தைவிட அந்தப் பட்டியலைப் புரட்டிய நேரம்தான் அதிகம்” என்றார் நண்பர்.

அன்று எனக்கு உள்ளூரக் கோபம் வந்தது. அவருக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தவறு முழுவதும் என்னுடையது என்று விளங்க வெகுகாலம் பிடித்தது. எனக்குப் பிடித்த நூல் எது என்ற கேள்விக்கு நான் சரியாகவே விடை சொல்லியிருந்தேன். அவரோ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

வாசகர்கள் கூடிப் பேசும் இடங்களில் எல்லாம் இந்தத் தவறு நாள்தோறும் நடக்கிறது. யாராவது ஒருவர் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், “கட்டாயம் படிக்க வேண்டியவை” என்ற பெயரில் பத்து நூல்கள் வந்து விழுகின்றன. யார் கேட்டாலும் அதே பத்துதான். பரிந்துரை என்பது என்ன, அது எதனால் பலிக்கிறது, எதனால் பொய்த்துப்போகிறது என்பதை, அறிபுனை, மிகுபுனை (மாய மந்திரக் கதைகள்) என்ற இரண்டு இலக்கிய வகைகளுக்கும் புதியவர்களும் தொடர்ந்து வரும் வகையில் விளக்க முயல்கிறேன்.

மதிப்புரையும் பரிந்துரையும்

கண்ணாடி அணிந்திருக்கும் ஒருவர், பார்வை மங்கலாக இருக்கிறது என்று சொல்லும் இன்னொருவரிடம் தம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, “எனக்கு இதில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, போட்டுப் பாருங்கள்” என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். கண்ணாடியிலும் குறையில்லை, வாங்கியவரின் கண் ஒன்றும் கெட்டது இல்லை. அந்தக் கண்ணாடி வேறொரு கண்ணுக்காகத் தேய்க்கப்பட்டது, அவ்வளவுதான்.

மதிப்புரை என்பது கண்ணாடியின் தரத்தைப் பற்றிய பேச்சு. வில்லை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது, சட்டம் உறுதியாக இருக்கிறதா என்று அது பார்க்கிறது. பரிந்துரையோ ஒரு முன்கணிப்பு: இந்த வாசகர், இந்த நூலை, இப்போது எடுத்தால், அவர்களுக்கிடையே என்ன நடக்கும் என்பதை ஊகித்துச் சொல்வது. ஆகவே மதிப்புரைக்கு நூலைத் தெரிந்திருந்தால் போதும். பரிந்துரைக்கு எதிரில் இருப்பவரையும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். வழி கேட்பவரிடம், “இப்போது எங்கே நிற்கிறீர்கள்?” என்று முதலில் கேட்காமல் எவரும் வழி சொல்வதில்லை. நூல் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

இதுவரை பார்த்தது இதுதான்: நூல் நல்லதா என்பது ஒரு கேள்வி, இவருக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இனி வருவதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

பெயர்ப்பலகை எவ்வளவு தூரம் உதவும்?

இரண்டு சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். அறிபுனை என்பது, நம் உலகில் இல்லாத ஒன்று அறிவியலின் வழியே வந்திருக்கக்கூடும் என்ற பாவனையில் எழுதப்படும் புனைவு. அந்த இல்லாத ஒன்றை, அது இயந்திரமோ வேற்றுக்கோளோ புதுவகைச் சமூகமோ எதுவானாலும், ‘நோவம்’ என்ற லத்தீன் சொல்லால் குறித்தார் டார்கோ சுவின் என்ற ஆய்வாளர். புதியது என்பது அதன் பொருள். 1979இல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகு, அறிபுனை பற்றிய விவாதங்களில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. மிகுபுனை என்பது, மாயமும் மந்திரமும் இயல்பாகவே நடக்கும் புனைவு. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், 1939இல் ஆற்றிய ஓர் உரையில், இத்தகைய கதையை எழுதுபவர் தனக்கென விதிகள் கொண்ட ஓர் ‘இரண்டாம் உலக’த்தைப் படைக்கிறார் என்றும், அதற்குள் இருக்கும் வரை அந்த விதிகளை வாசகர் மெய்யென்றே நம்ப வேண்டும் என்றும் விளக்கினார்.

வேறுபாடு இவ்வளவுதான். நூலகத்தின் அடுக்கில் எதை எங்கே வைப்பது என்பதற்கு இது உதவும். ஆனால் பரிந்துரைக்கு இது மிகவும் கொஞ்சமாகவே உதவுகிறது. “எனக்கு அறிபுனை பிடிக்கும்” என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பிடித்தது விண்கலப் போரா, தொழிற்சாலையில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் ரோபோவா, ஆணும் பெண்ணும் என்ற பிரிவே இல்லாத ஒரு சமூகமா என்பது நமக்குத் தெரியாது. இவை மூன்றும் ஒரே பலகையின் கீழ் நிற்கின்றன. மூன்றையும் விரும்பும் வாசகர் ஒருவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பலகையை நம்பாதீர்கள் என்பதற்கு அக்டேவியா பட்லரின் ‘கின்ட்ரெட்’ நல்ல சான்று. 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், காரணமே தெரியாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிமைமுறை நிலவிய ஒரு பண்ணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். காலப்பயணம் இருப்பதால் கடைகளில் அது அறிபுனை அடுக்குக்குப் போய்விடுகிறது. ஆனால் அந்தப் பயணம் எப்படி நடக்கிறது என்பதற்கு நூலில் விளக்கமே இல்லை. அது அறிபுனை அன்று என்றே ஆசிரியரும் சொல்லிவந்தார். அறிபுனையைத் தொடவே மாட்டேன் என்று சொல்லும் வரலாற்று நாவல் வாசகருக்கு இந்த நூல் பொருந்தும் வாய்ப்பு, விண்கலக் கதைகளில் ஊறியவருக்குப் பொருந்தும் வாய்ப்பைவிட அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

நான்கு வாசல்கள்

அப்படியானால் எதைக் கொண்டு பொருத்தம் பார்ப்பது? இதற்கு நூலகர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் அதை நான்கு வாசல்களாகச் சொல்கிறார்: கதை, பாத்திரம், களம், மொழி. ஒவ்வொரு நூலிலும் நான்கும் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ஒரு நூலில் கதை என்னும் வாசல் அகலத் திறந்திருக்கும், மொழியின் வாசல் ஒருக்களித்திருக்கும். வாசகர்களும் அப்படித்தான். அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்புக்காகப் படிப்பவர் கதையின் வழியே நுழைகிறார். பழகிய மனிதரைப் போல ஒரு பாத்திரத்தோடு இருக்க விரும்புபவர் பாத்திரத்தின் வழியே வருகிறார். வேறோர் இடத்தில் உலவிவிட்டு வர விரும்புபவருக்கு வேண்டியது களம். ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படித்து ரசிப்பவர் மொழிக்காகவே வருகிறார்.

அறிபுனை, மிகுபுனைக் கதைகளில் களத்தின் வாசல் இயல்பாகவே மற்ற வகைகளில் இருப்பதைவிட மிகவும் அகலமானது. புதிய உலகைப் படைப்பதுதான் இவற்றின் அடையாளமே. எனவே நெடுநாள் வாசகர்களில் பலர் களத்தின் வழியே நுழைந்தவர்கள். அவர்கள் பரிந்துரைக்கும்போதும் களத்தைப் பற்றியே பேசுகிறார்கள்: மூன்று நிலவுகள், ஏழு அரசகுலங்கள், நுணுக்கமான மந்திர விதிகள். கேட்பவர் பாத்திரத்தின் வழியே நுழைபவராக இருந்தால், இந்த வர்ணனை முழுவதும் அவருக்குச் சுவரைக் காட்டி வீட்டைப் புகழ்வதுபோல் ஆகிவிடுகிறது.

ஒரு நூலை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலில், கென்லி ஐ என்ற தூதன் ஒருவன் உறைபனி சூழ்ந்த ஒரு கோளுக்குத் தனியாக வருகிறான். அங்கு வாழும் மனிதர்களுக்கு ஆண், பெண் என்ற நிலையான பால் கிடையாது. களத்தை விரும்புபவரிடம் இதைச் சொன்னாலே போதும், புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பாத்திரத்தை விரும்புபவரிடமோ, ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்த இருவர், பனிப்பாலையைச் சேர்ந்து கடக்க நேரும்போது மெல்ல நெருங்கிவரும் கதை என்று சொல்ல வேண்டும்; அதுவும் உண்மைதான், அதே நூல்தான். மொழிக்காக வருபவரிடம், கதையின் ஊடே அந்த மக்களின் பழங்கதைகள் தனித்தனி அத்தியாயங்களாக வருவதைச் சொல்லலாம். கதையின் வேகத்துக்காக மட்டும் படிப்பவரிடம் எதைச் சொல்வது? என்னைக் கேட்டால், இந்த நூலை அவரிடம் சொல்லவே வேண்டாம் என்பேன். முதல் பாதி மெதுவாக நகர்கிறது. விறுவிறுப்பான பயணம் வெகுதூரம் கழித்துத்தான் தொடங்குகிறது. அதுவரை அவர் காத்திருக்க மாட்டார்.

எதிரில் இருப்பவரின் வாசல் எது என்று கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது. “உங்களுக்கு எந்த வகை பிடிக்கும்?” என்று கேட்டால் பெயர்ப்பலகைதான் விடையாக வரும். அதை விட்டுவிட்டு, “அண்மையில் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போன கதை ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, அவர் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கதை எந்த வகையானாலும் பரவாயில்லை, திரைப்படமானாலும் பரவாயில்லை. “ஒரு கொலை நடக்கிறது, ஆனால் அறை உள்ளே பூட்டியிருக்கிறது” என்று தொடங்குபவர் கதைக்காரர். “அதில் ஒரு பாட்டி வருவார் பாருங்கள்” என்று தொடங்குபவர் பாத்திரக்காரர். “அந்தத் தீவில் எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்கும்” என்பவர் களத்துக்காரர். மொழிக்காகப் படிப்பவர் பெரும்பாலும் ஒரு வரியை மேற்கோள் காட்ட முயன்று, “சரியாக நினைவில் இல்லை, நீங்களே படித்துப் பாருங்கள்” என்பார்.

தமிழில் அறிபுனைக்குள் வந்த பலரைக் கேட்டால், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த எதிர்கால அரசின் அமைப்பு பலருக்கு மறந்திருக்கும். படிக்கவும் கிண்டலடிக்கவும் தெரிந்த நாய் மறக்கவில்லை. அவர்கள் பாத்திரத்தின் வாசல் வழியே வந்தவர்கள். அடுத்து அவர்களிடம் கொடுக்க வேண்டியது இன்னொரு எதிர்கால அரசின் கதை என்று நினைத்தால் தவறிவிடுவோம்.

சுருக்கமாகச் சொன்னால், நூலின் அகலமான வாசலும் வாசகர் வழக்கமாக நுழையும் வாசலும் ஒன்றாக இருந்தால் பரிந்துரை பெரும்பாலும் பலிக்கும்.

நுழைவுச் சுமை

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வாசல் சரியாக இருந்தும் படியேற முடியாமல் போவது இந்த இரண்டு வகைகளுக்கே உரிய சிக்கல். கதைக்குள் நுழையும்போது, விளக்கம் இன்னும் கிடைக்காத சொற்களையும் விதிகளையும் வாசகர் எவ்வளவு நேரம் மனத்தில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் நுழைவுச் சுமை என்று சொல்லிவருகிறேன். இது நானே வைத்துக்கொண்ட பெயர். ஆனால் பெயர் குறிக்கும் பொருள் புதியது அன்று.

இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அமெரிக்க எழுத்தாளரும் விமரிசகருமான சாமுவேல் டிலேனி தெளிவாகக் காட்டியிருக்கிறார். “அவளுடைய உலகம் வெடித்துச் சிதறியது” என்ற வாக்கியத்தை ஒரு குடும்ப நாவலில் படித்தால், அவளுக்குப் பேரிடியான செய்தி வந்திருக்கிறது என்று புரிந்துகொள்கிறோம். அறிபுனையில் அதே வாக்கியம் வந்தால், அவள் வாழ்ந்த கோள் உண்மையாகவே வெடித்திருக்கலாம். எந்தப் பொருளைக் கொள்வது என்று அடுத்த சில வரிகள் வரும் வரை முடிவு செய்யாமல் இருக்க வேண்டும். ராபர்ட் ஹைன்லைன் 1942இல் எழுதிய நாவல் ஒன்றில் கதவு விரிந்தது என்று ஒரு சிறு வாக்கியம் வருகிறது. கண்ணின் பாவை விரிவதுபோல் விரியும் கதவு. ஏன் அப்படி ஒரு கதவு, யார் செய்தது, எப்படி இயங்குகிறது என்று ஆசிரியர் சொல்வதில்லை. பழகிய வாசகர் அந்த ஒரு சொல்லிலிருந்தே ஒரு கட்டடத்தையும் ஒரு நாகரிகத்தையும் ஊகித்துக்கொண்டு மேலே போகிறார். பழகாதவரோ தாம் எதையோ தவறவிட்டுவிட்டதாக நினைத்து முந்தைய பக்கத்தைப் புரட்டுகிறார்.

விளக்கப்படாத சொல்லைக் கண்டு பதறாமல், பிறகு தெரியவரும் என்ற நம்பிக்கையில் அதை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு படிப்பது ஒரு பழக்கம். இதை வாசிப்பு நெறி எனலாம்: ஒரு வகை எழுத்தைப் படிக்கும்போது நாம் அறியாமலேயே கைக்கொள்ளும் வழிமுறைகளின் தொகுப்பு. நீந்தத் தெரிந்தவர் நீரில் கையை எப்படி வீசுவது என்று யோசிப்பதில்லை. அதனாலேயே நீந்தத் தெரியாதவருக்கு ஆழம் எவ்வளவு அச்சம் தரும் என்பதும் அவருக்கு மறந்துபோகிறது. தேர்ந்த வாசகர்கள் மோசமான பரிந்துரைகளைச் செய்வதற்கு முதன்மையான காரணம் இதுதான் என்பது என் கருத்து. அவர்களுக்கு ரசனைக் குறைவு ஒன்றும் இல்லை; சுமையை உணரும் தோள்தான் மரத்துப்போயிருக்கிறது.

என் நண்பருக்கு நடந்ததும் இதுவே. ‘டியூன்’ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே பெனி கெஸரிட், கோம் ஜப்பார், குவிஸாட்ஸ் ஹாடெராக் என்று சொற்கள் வரிசையாக வருகின்றன. நான் அவற்றை இசையாகக் கேட்டுக்கொண்டு கடந்திருந்தேன். துப்பறியும் கதை வாசகரான அவர், ஒவ்வொரு சொல்லையும் தடயமாகக் கருதி, கடைசிப் பக்கங்களில் போய்ப் பொருள் தேடிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அவர் பயின்ற நெறிப்படி அதுதான் சரியான வாசிப்பு. துப்பறியும் கதையில் ஒரு சொல்லைப் பொருள் தெரியாமல் கடப்பவர் கொலைகாரனைத் தவறவிடுவார்.

எந்த நூல் எவ்வளவு சுமை தரும் என்று கணிக்க ஒரு கைப்பிடி இருக்கிறது. மிகுபுனை ஆய்வாளர் ஃபாரா மென்டல்சன் 2008இல் வெளிவந்த தம் நூலில், மாயம் எப்படிக் கதைக்குள் வருகிறது என்பதைக் கொண்டு மிகுபுனைகளைப் பிரித்தார். அவற்றில் மூன்று நமக்குப் போதும். நம்மைப் போன்ற ஒருவர் ஒரு வாயிலைக் கடந்து மாய உலகுக்குள் போவது முதல் வகை. அங்கு எல்லாம் அவருக்கும் புதிது என்பதால், அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது நாமும் தெரிந்துகொள்கிறோம். நம்முடைய அன்றாட உலகுக்குள் மாயம் ஊடுருவி வருவது இன்னொரு வகை. இதில் தரை பழகியது, வந்தது மட்டும் அந்நியம். மூன்றாவது, மாய உலகத்திலேயே பிறந்து வளர்ந்தவரின் கண்ணால் சொல்லப்படுவது. அவருக்கு எதுவும் வியப்பில்லை என்பதால் எதையும் விளக்கமாட்டார். முதல் இரண்டிலும் சுமை பொதுவாகக் குறைவு, மூன்றாவதில் அதிகம். அறிபுனைக்கும் இந்தப் பிரிவு ஏறக்குறையப் பொருந்திவருகிறது.

புதியவருக்கு முதலில் கொடுக்கும் நூல் அந்த வகையின் ஆகச்சிறந்த நூலாக இருக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு. சில சமயம் இருக்கவே கூடாது.

தொடர் நாவல்கள்

நீளமும் ஒரு சுமைதான். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 பெரிய தொகுதிகள் கொண்டது. 1990இல் தொடங்கி, ஆசிரியர் 2007இல் மறைந்தபின் பிராண்டன் சாண்டர்சன் தொடர்ந்து எழுத, 2013இல் நிறைவுற்றது. ஜார்ஜ் மார்ட்டின் 1996இல் தொடங்கிய ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையின் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது; அதன்பின் ஆறாவதற்கான காத்திருப்பு தனிக்கதையாகிவிட்டது. இவற்றின் முதல் தொகுதியைப் பரிந்துரைப்பவர் தாம் ஒரு நூலை மட்டும் பரிந்துரைப்பதாக நினைக்கிறார். பெறுபவருக்கோ பல மாதங்களுக்கான பொறுப்பு வந்து சேர்கிறது. தொடர் முடிந்ததா, முதல் நூல் தனியாக நிற்குமா என்ற இரண்டையும் சொல்லிவிடுவது நேர்மை.

எதை முதலில் படிப்பது என்பதும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. சி. எஸ். லூயிஸின் நார்னியா நூல்கள் ஏழும் 1950 முதல் 1956 வரை வந்தவை. கதையின் காலப்படி முதலில் நடக்கும் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’, வெளியீட்டு வரிசையில் ஆறாவதாகத்தான் வந்தது. இப்போதைய பதிப்புகள் பலவற்றில் அதற்கு 1 என்று எண் இடுகிறார்கள். அந்த எண்ணை நம்பித் தொடங்கினால், ஓர் அலமாரிக்குள் நுழைந்த சிறுமி பனியில் ஒரு விளக்குக் கம்பத்தைக் காணும்போது எழும் வியப்பு வீணாகிவிடும்; அந்தக் கம்பம் எப்படி வந்தது என்று முன்பே சொல்லியாகிவிட்டது. வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள் என்பேன். ஆனால் இதைப் பொதுவிதியாக்க முடியாது. டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு நாவல்கள் 41. 1983இல் வந்த முதல் நாவலைவிட, பின்னால் வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ போன்ற ஒன்றிலிருந்து தொடங்குவதே மேல் என்று அந்த வரிசையை விரும்புபவர்களில் பலரும் சொல்வார்கள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

தயங்கும் வாசகருக்குக் குறுநாவல் நல்லது. அறிபுனை, மிகுபுனைப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதின் விதிகளில் குறுநாவலுக்கு 17,500 முதல் 40,000 சொற்கள் வரை எல்லை வகுத்திருக்கிறார்கள்; ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும். பிடிக்காவிட்டாலும் இழப்பு சிறிது.

விருதும் கணினியும்

“விருது பெற்ற நூல்” என்பது பரிந்துரைக்கு வலுவான ஆதாரமாகத் தோன்றுகிறது. யார் வாக்களித்தார்கள் என்று பார்த்தால் அதன் எல்லை தெரியும். 1953 முதல் வழங்கப்படும் ஹியூகோ விருதை உலக அறிபுனை மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்கிறார்கள். நெபுலா விருதுக்கு வாக்களிப்பவர்கள் அத்துறை எழுத்தாளர்கள். இரு தரப்பாரும் வாசிப்பு நெறியில் ஊறியவர்கள், அதாவது தோள் மரத்தவர்கள். ‘டியூன்’ அந்த இரண்டு விருதுகளையும் பெற்றது. காகிதத் துண்டு 43ஆம் பக்கத்தில் நின்றது.

கணினிப் பரிந்துரைகளின் அடிப்படை முறை ஒன்றுக்குக் கூட்டு வடிகட்டல் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் உருவானது. உங்களோடு பல நூல்களில் ஒத்துப்போகும் ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் விரும்பி நீங்கள் இன்னும் படிக்காத நூலை உங்கள் முன் வைப்பது அதன் வேலை. ஒரு நூல் ஏன் பிடித்தது என்று அதற்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்ற கணக்கு போதும். நிறையப் படித்தவருக்கு இது வியக்கத்தக்க விதத்தில் பலிக்கிறது. ஆனால் இந்த வகையில் ஒரு நூலும் படிக்காதவரைப் பற்றிக் கணக்குப் போட அதனிடம் ஒன்றும் இல்லை. அப்போது எல்லாரும் வாங்கிய நூலையே அவருக்கும் காட்டுகிறது. பத்து நூல் பட்டியல் போடும் மனிதர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்பது வேடிக்கை. இந்தக் கணக்கால் கேட்க முடியாத கேள்வியை மனிதரால் கேட்க முடியும். கேட்டால்தான் அந்த அனுகூலம்.

ஆக, விருது நூலைப் பற்றிச் சொல்கிறது, கணினி கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. எதிரில் இருக்கும் ஒருவரைப் பற்றி இரண்டும் சொல்வதில்லை.

சொல்லும் விதம்

நூலைத் தேர்ந்தபின் அதை எப்படிச் சொல்வது என்பதில் பாதி வேலை இருக்கிறது. லியூ ட்சிஷின் எழுதிய ‘தி த்ரீ-பாடி பிராப்ளம்’ நாவலை எடுத்துக்கொள்வோம். “அற்புதமான நூல், கட்டாயம் படியுங்கள், ஹியூகோ வாங்கியது” என்று சொன்னால், கேட்பவருக்குத் தெரிந்தது நமக்கு அது பிடித்திருக்கிறது என்பது மட்டுமே. இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: “புதிர் அவிழும் கதை உங்களுக்குப் பிடிக்கும் என்றீர்கள். இதில் அறிவியலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொள்கிறார்கள். ஏன் என்று தேடிப் போகிறார் ஒருவர். விடை மிகப் பெரியது. ஆனால் மனிதர்கள் அவ்வளவாக மனத்தில் நிற்கமாட்டார்கள், இடையிடையே இயற்பியல் விளக்கம் பக்கக்கணக்கில் வரும்.” இதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன: கேட்பவரைப் பற்றி நாம் அறிந்தது, அதோடு பொருந்தும் நூலின் கூறு, எங்கே இடறக்கூடும் என்ற எச்சரிக்கை. மூன்றாவதைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள், நூலின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று. என் அனுபவத்தில் அதுதான் நம்பிக்கையை வளர்க்கிறது. இடறும் இடம் முன்பே தெரிந்திருந்தால், அங்கு வந்ததும் வாசகர் நூலைக் குறைசொல்லாமல், சொன்ன இடம் வந்துவிட்டது என்று கடந்துபோகிறார். ‘கின்ட்ரெட்’ போன்ற நூலில் வரும் வன்கொடுமைக் காட்சிகளையும் இவ்வாறே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பாக இருந்தால் எந்தப் பதிப்பு என்பதும் பரிந்துரையின் பகுதி. மேலே சொன்ன சீன நாவலின் மூலப் புத்தகத்தில் இடையில் வரும் கலாசாரப் புரட்சிக் காலக் காட்சிகள், 2014இல் வந்த கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொடக்கத்துக்கு வந்துவிட்டன. ஸ்டானிஸ்லாவ் லெம் போலிய மொழியில் 1961இல் எழுதிய ‘சோலாரிஸ்’ நாவலின் முதல் ஆங்கில வடிவம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. போலிய மொழியிலிருந்து நேரடியாகச் செய்த ஆங்கில வடிவம் 2011இல்தான் கிடைத்தது. இருவர் ஒரே நூலைப் படித்துவிட்டு வேறு வேறு நூலைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றினால், இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒன்றைச் சொல்லும்போது ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மிஞ்சினால் இரண்டு. பத்து நூல்களைக் கொடுத்தால், தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். கூடவே, நிறுத்திக்கொள்ள அனுமதியும் கொடுத்துவிடலாம். நான்சி பேர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள், வயது 50ஐக் கடந்தவர்கள் 100இலிருந்து தம் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களைப் படித்தால் போதும். 70 வயதானவருக்கு 30 பக்கம்.

பொய்த்த பரிந்துரை

நூல் பாதியில் திரும்பி வந்தால் “ஏன் பிடிக்கவில்லை?” என்று கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும், மழுப்பலான விடைதான் கிடைக்கும். “எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?” என்று கேளுங்கள். முதல் சில பக்கங்களுக்குள் நின்றிருந்தால் பெரும்பாலும் நுழைவுச் சுமை. நடுவில் சோர்ந்து நின்றிருந்தால் வாசல் பொருந்தவில்லை. கடைசிவரை படித்துவிட்டு முகம் சுளித்தால், அவர் நூலைச் சரியாகவே படித்திருக்கிறார், கருத்தில்தான் நம்மோடு மாறுபடுகிறார்.

என் நண்பரிடம் இதைக் கேட்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. இரண்டாம் முறை அவரிடம் கொடுத்தது ஐசக் அசிமோவ் 1954இல் நூலாக வெளியிட்ட ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’. கூரையிட்ட பெருநகரை ஒட்டிய பகுதியில் ஒரு கொலை நடக்கிறது. துப்பறிய வரும் காவல் அதிகாரிக்குத் துணையாக, அவர் வெறுக்கும் ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். தடயங்களைத் தேடும் வாசகருக்குத் தடயங்கள் இருக்கின்றன. புதிய உலகின் விதிகள் யாவும் விசாரணையின் வழியே வருவதால், பொருள் தேடிப் பின்பக்கம் போக வேண்டிய தேவையும் இல்லை. நான்காம் நாள் அவர் அழைத்தார். கொலைகாரர் யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லி ஒரு பெயரைக் கூறினார். அது தவறான பெயர். நான் ஒன்றும் சொல்லாமல், முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள் என்றேன்.